வில்லெம் கரெல் டிக்கெ

வில்லெம் கரெல் டிக்கெ (பெப்ரவரி 11, 1905 - ஏப்ரல் 27, 1962) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆவார். சீலியாக் நோயைத் தூண்டுவது கோதுமை உணவே என்பதைக் கண்டறிந்தவர் இவர்.

வாழ்க்கை

டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தார். 1936 இல் டென் ஹாக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்கு இயக்குநரானார்.

ஆய்வு

தீராத வயிற்றுப்போக்கால் உடல் மெலிந்து குழந்தைகள் பலர் இந்நோயால் இறந்துவந்த காலம் அது. கோதுமையை நீக்கினால் அவர்கள் தேறுவதை டிக்கெ 1930களிலேயே கவனித்தார். 1944-45 பஞ்சத்தில் ரொட்டி அரிதானபோது கிடைத்த பட்டறிவு அவரது கருத்துக்கு வலுவூட்டியது. 1950 இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தமது ஆய்வேட்டை அளித்தார். பின்னர் வான் டி காமர், வெய்யர்ஸ் ஆகியோருடன் இணைந்து, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதமே தீங்கு செய்கிறது என நிறுவினார்.

இந்நோய் ஒவ்வாமை அன்று. குளூட்டனால் தூண்டப்பட்ட நோயெதிர்ப்பாற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்குவதாகும். வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதே இன்றும் இதற்கான முதன்மைச் சிகிச்சை ஆகும்.