வாசிக்கத் தெரியாதவர் செய்த கிட்டார்

கடந்த செமஸ்டர் விடுமுறையில் ஜொகூர் பாருவில் ஒருவரிடமிருந்து பழைய மின்கிட்டார் ஒன்றை மலிவாக வாங்கினேன். தூக்கிப் பார்த்தால் எடையே தெரியாது. அதுதான் என்னைக் கவர்ந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் தொல்லை தொடங்கியது. எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் சற்று நேரத்தில் இறங்கிவிடும்.

விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதியை பிரிட்ஜ் என்பார்கள். வீணையில் நாம் குதிரை என்கிறோமே, அதே வேலைதான். என் கிட்டாரின் பிரிட்ஜை நிறுத்தி வைத்திருந்த இரண்டு உலோக முளைகளும் கழுத்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தன. உலோகம் வளையவில்லை. அதைச் சுற்றியிருந்த மரம்தான் நசுங்கியிருந்தது. நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் அளவுக்கு மென்மையான மரம் அது.

பக்கத்து வீட்டுத் தச்சர் மாமாவிடம் கொண்டு போனேன். கிட்டாரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பாரம் எங்கே விழுகிறது என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான், மின்கிட்டாரின் வடிவத்தையே மாற்றிய லியோ ஃபெண்டரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. ஒரு விஷயம் என்னை வியக்க வைத்தது. அவருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது!

லியோ ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10ஆம் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த விவசாயிகள். எட்டு வயதில் ஒரு கட்டியின் காரணமாக இடது கண்ணை இழந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் கண்ணாடியால் ஆன செயற்கைக் கண்தான். சிறுவனாக இருந்தபோது அவருடைய மாமாவின் கடையில் இருந்த வானொலிப் பெட்டி அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய வானொலிகளைப் பிரித்துப் பார்ப்பதும் மீண்டும் பூட்டுவதும் அவருக்குப் பொழுதுபோக்கானது.

இப்படிப்பட்டவர் பொறியியல் படித்திருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். அவர் கல்லூரியில் படித்தது கணக்கியல். மின்னணுவியலை யாரும் அவருக்கு வகுப்பறையில் கற்றுத்தரவில்லை. படித்து முடித்துக் கணக்காளர் வேலைக்குப் போனார். அது உலகப் பொருளாதார மந்தநிலைக் காலம். ஒரு வேலை பறிபோனது. அடுத்த வேலையும் நிலைக்கவில்லை. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் வானொலி பழுது பார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார்.

அந்தக் கடைதான் அவருக்குப் பல்கலைக்கழகமானது. வானொலியோடு, உள்ளூர் இசைக்கலைஞர்களின் ஒலிபெருக்கிகளும் பழுதுக்கு வந்தன. எது உடைகிறது, எது சூடேறுகிறது, எது மேடையில் காலை வாருகிறது என்று நாள்தோறும் பார்த்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் டாக் காஃப்மேன் என்ற நண்பருடன் சேர்ந்து ஹவாய் கிட்டார்களையும் ஒலிபெருக்கிகளையும் தயாரித்தார். 1946இல் நண்பர் விலகிக்கொள்ள, லியோ தன் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடர்ந்தார்.

அந்தக் காலத்து மின்கிட்டார்கள் பெரும்பாலும் உள்ளே கூடானவை. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் அந்தச் சத்தமே கிட்டாரின் கூட்டை அதிரவைத்து, காதைத் துளைக்கும் ஊளையாக மாறும். கூடே இல்லாமல் திடமான மரத்தில் கிட்டார் செய்தால் இந்தச் சிக்கல் குறையும். இந்த எண்ணம் லியோவுக்கு மட்டும் வந்ததல்ல. லெஸ் பால், பால் பிக்ஸ்பி போன்றோர் அவருக்கு முன்பே செய்து பார்த்திருந்தனர். ஆனால் ஆயிரக்கணக்கில் தயாரிக்கக்கூடிய, உடைந்தால் எளிதில் பழுது பார்க்கக்கூடிய ஒரு கிட்டாரைச் செய்து காட்டியவர் லியோதான்.

1949இல் அவர் செய்த மாதிரிக் கிட்டாரின் உடல் பைன் மரம். மலிவானது, மென்மையானது. அந்த மரத்தில் ஆறு எஃகுக் கம்பிகளைக் கட்டினால் என்ன ஆகும்? சாதாரண மெல்லிய கம்பிகளே சுருதி சேர்ந்த நிலையில் மொத்தம் சுமார் 45 கிலோகிராம் விசையுடன் இழுக்கின்றன. படிவம் ஒன்று மாணவன் ஒருவன் இரவும் பகலும் அந்தக் கிட்டாரில் தொங்கிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்!

இங்கேதான் தச்சர் மாமாவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. லியோவின் கிட்டாரில் பாரம் விழும் இடங்களிலெல்லாம் ஒரு சிறிய உலோகத் துண்டு இருக்கும். கம்பிகள் உடலின் பின்பக்கத்திலிருந்து துளை வழியாக மேலே வருகின்றன. கம்பியின் முனையிலுள்ள குண்டு மரத்தைக் குடைந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு துளையின் வாயிலும் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம் பதிக்கப்பட்டது. கழுத்தை உடலோடு இணைப்பவை நான்கு திருகாணிகள். அவற்றின் தலைகள் மரத்துக்குள் அமிழ்ந்துவிடாமல் இருக்க, அடியில் ஓர் உலோகத் தகடு. ஒரு புள்ளியில் விழும் பாரத்தை அகலமான பரப்புக்குப் பிரித்துக் கொடுப்பதே இவற்றின் வேலை. இயற்பியல் பாடத்தில் நாம் படிக்கும் அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது என்ற சூத்திரம்தான். நம் வீணையிலும் மரக்குதிரையின் மேல் ஓர் உலோகத் தகட்டைப் பதிக்கிறார்கள். தந்தி தன் மீது அழுந்தி உரசிக்கொண்டே இருந்தால் வெறும் மரம் தாங்காது அல்லவா?

லியோ எல்லாவற்றையும் முதலிலேயே சரியாகக் கணித்துவிடவில்லை. கழுத்துக்குக் கடினமான மேப்பிள் மரம் போதும், உள்ளே இரும்புக் கம்பி தேவையில்லை என்று அவர் உறுதியாக நம்பினார். 1950இல் வெளிவந்த முதல் கிட்டார்களின் கழுத்துகள் வளைந்தன. புகார்கள் வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் தன் பிடிவாதத்தை விட்டுவிட்டு, கழுத்துக்குள் இரும்புக் கம்பியைப் பதித்தார். உடலுக்கும் பைன் மரத்துக்குப் பதிலாக ஆஷ் மரம் வந்தது. அந்தக் கிட்டாருக்குச் சூட்டிய பெயரை வேறொரு நிறுவனம் ஏற்கெனவே தன் டிரம்களுக்கு வைத்திருந்ததால், 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் மின்சார பேஸ் கிட்டாரையும் கொண்டுவந்தார். இளையராஜா பாடல்களில் அடியோட்டமாக ஓடும் அந்த பேஸ் ஒலியைக் கேட்டிருப்பீர்களே! அந்தக் கருவியை முதன்முதலில் பெருமளவில் தயாரித்து விற்றவர் லியோதான்.

டெலிகாஸ்டரின் கூர்மையான விளிம்பு விலாவில் இடிக்கிறது என்று கலைஞர்கள் குறைப்பட்டார்கள். பில் கார்சன் போன்ற கலைஞர்களின் குறைகளைக் கேட்டு, ஃபிரெடி டவாரெஸ் என்ற ஹவாய் இசைக்கலைஞரின் துணையோடு வளைவான உடலை வடிவமைத்தார். கூடவே, ஒரு கைப்பிடியை அழுத்தினால் எல்லாக் கம்பிகளின் சுருதியும் இறங்கி ஏறும் நகரும் பிரிட்ஜ் ஒன்றையும் சேர்க்க விரும்பினார். முதலில் செய்த பிரிட்ஜில் ஓசை நீடிக்கவில்லை. செய்த செலவையும் பார்க்காமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. அதன் நகரும் பிரிட்ஜுக்கு 1956இல் காப்புரிமை கிடைத்தது. பிற்காலத்தில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்து உலகைக் கிறங்கடித்தது இந்தக் கிட்டாரைத்தான்.

அந்த பிரிட்ஜ் இயங்கும் விதம் ஒரு தராசைப் போன்றது. மேலே கம்பிகள் அதைக் கழுத்துப் பக்கம் இழுக்கின்றன. உடலின் பின்பக்கத்தில் சுருள்வில்கள் அதன் கீழ்ப்பகுதியை அதே கழுத்துப் பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாகும்போது பிரிட்ஜ் அசையாமல் நிற்கிறது. அப்படியானால் நடுவில் அதைத் தாங்கும் திருகாணிகள் மீது கம்பிகளின் விசை மட்டும் விழுவதில்லை, சுருள்வில்களின் விசையும் சேர்ந்தே விழுகிறது. லியோ அந்தப் பாரத்தை ஆறு திருகாணிகளுக்குப் பங்கிட்டார். பிற்காலத்தில் வந்த பல கிட்டார்களில், லியோவே பின்னர் வடிவமைத்த ஒன்று உட்பட, ஆறுக்குப் பதில் இரண்டே முளைகள். பிரிட்ஜ் வழுவழுப்பாக நகரும். ஆனால் மரத்தின் மீதான சுமை இரண்டே இடத்தில் குவிந்துவிடும். மரம் உறுதியாக இருந்தால் கவலையில்லை. எடையைக் குறைக்க பாஸ்வுட், பாலோனியா போன்ற மென்மரங்களைப் பயன்படுத்தும்போது, முளையைச் சுற்றி வலுவூட்டாவிட்டால் என் கிட்டாருக்கு நேர்ந்ததுதான் நேரும்.

1950களின் நடுவில் சைனஸ் பகுதியில் தொடங்கிய தொற்று லியோவை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. இனி அதிக நாள் வாழமாட்டோம் என்று எண்ணி, 1965இல் நிறுவனத்தை 13 மில்லியன் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்திடம் விற்றார். பிறகு வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் குணமடைந்தார். உடல் தேறியது. ஆனால் தன் பெயர் கொண்ட நிறுவனம் கையில் இல்லை. பணம் நிறைய இருந்தது, ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ மியூசிக் மேன் நிறுவனத்துக்காகவும், பின்னர் பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் தொடங்கிய ஜி அண்ட் எல் நிறுவனத்திலும் மீண்டும் மேசை முன் அமர்ந்தார். பார்க்கின்சன் நோயால் அவதியுற்ற நிலையிலும் வேலையை விடவில்லை. இறப்பதற்கு முந்தைய நாளும் பட்டறைக்குச் சென்றார். 1991 மார்ச் 21ஆம் தேதி, 81ஆவது வயதில் காலமானார். மறு ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இதையெல்லாம் படித்த பிறகு, மறுபடியும் தச்சர் மாமாவிடம் போனேன். பாரம் அந்த இரண்டு முளைகளில்தான் விழுகிறது, அதுவும் பக்கவாட்டில் என்று படம் வரைந்து காட்டினேன். தலையசைத்தார். நசுங்கிய 10 மில்லிமீட்டர் துளைகளை 16 மில்லிமீட்டராக அகலப்படுத்தினோம். மெர்பாவ் மரத் துண்டு ஒன்றை, அதன் இழைகள் கிட்டார் உடலின் இழைகள் ஓடும் திசையிலேயே இருக்கும்படி, முளைக்குச்சிகளாகச் செதுக்கி, மரப்பசை தடவி அடித்து இறக்கினோம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டு உலோக முளைகளைப் பொருத்தினோம். இப்போது அந்த விசை அகலமான பரப்பில் பரவுவதால், மென்மரத்தின் மீதான அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. கிட்டாரின் எடை கூடியதாகத் தெரியவில்லை. சுருதி நிற்கிறது.

நம்மில் பலர் நாம் எடுத்த பாடப்பிரிவு நமக்கு ஏற்றதுதானா என்று குழம்பிக்கொண்டிருக்கிறோம். கணக்கியல் படித்த ஒருவர், ஒரு கண் பார்வையோடு, தனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு கருவியை உலகத்துக்கே செய்து கொடுத்தார். வாசிப்பவர்கள் சொன்ன குறைகளை அவர் காதுகொடுத்துக் கேட்டார், தவறு என்று தெரிந்ததும் திருத்தினார். எங்கள் வகுப்பில் அடுத்த வாரம் குழுப் பணி ஒன்றை ஒப்படைக்க வேண்டும். எங்கள் வடிவமைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பன் சொன்ன குறையை நான் அப்போது காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இன்று மாலை அவனைக் கூப்பிட்டு, மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.