ஆளில்லாமல் லேத் ஓட்டியவர்



மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்குச் சோறு போடும் தொழிலுக்கு வழி வகுத்த ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில் டிராப் மெஷின்களைக் கவனிப்பது என் வேலை. நம்ம பக்கம் லாரி பாடிக்கும் ரிக் வண்டிக்கும் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும். அவற்றுக்குப் புஷ், பின், ஸ்குரூ என்று சின்னச் சின்ன உருப்படிகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒரு லேத்துக்கு ஒரு டர்னர் என்று வைத்தால் கூலியே கட்டுப்படியாகாது. டிராப்பில் ராடைச் செருகி செட்டிங் முடித்துவிட்டால், ராடு தீரும்வரை அதுவே கடையும், துளை போடும், வெட்டிக் கீழே தள்ளும். நாலு மெஷினுக்கு ஒரே ஆள் போதும். இந்த யோசனைக்கு மூல புருஷர் கிறிஸ்டோபர் மைனர் ஸ்பென்சர்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து மான்செஸ்டரில் 1833இல் பிறந்தவர். தாத்தா துப்பாக்கி வேலை தெரிந்தவர். கருவிகளைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த முதல் வாத்தியார் அவர்தான். பதினான்கு வயதில் செனி சகோதரர்களின் பட்டு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் ரயில் என்ஜின் பழுது பார்க்கும் வேலை, கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலை என்று சுற்றிவிட்டுத் திரும்ப மில்லுக்கே வந்தார். காலேஜ் படிப்பு கிடையாது. பட்டறைதான் படிப்பு.

உலகத்துக்கு அவர் பெயர் தெரிந்தது துப்பாக்கியால். ஒரு தடவை நிரப்பினால் ஏழு முறை சுடும் ஸ்பென்சர் ரைபிளுக்கு 1860இல் காப்புரிமை வாங்கினார். உள்நாட்டுப் போர் நடந்த 1863இல் ஜனாதிபதி லிங்கனே அதைக் கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்தார். போர் முடிந்ததும் ஆர்டர் நின்றது. 1869இல் கம்பெனி வின்செஸ்டர் கைக்குப் போனது. புகழ் இருந்தது, தொழில் போய்விட்டது.

ஆள் சோர்ந்துவிடவில்லை. சார்லஸ் பில்லிங்ஸ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ஹார்ட்ஃபோர்டில் டிராப் ஃபோர்ஜிங் தொழில் ஆரம்பித்தார். தையல் மெஷினுக்கான நூல்கட்டைகளைத் தானாகக் கடையும் மெஷின் ஒன்றும் செய்தார். மரக்கட்டையைத் தானாகக் கடைய முடிந்தால் இரும்பு ஸ்குரூவை ஏன் முடியாது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

டரட் லேத் அப்போதே இருந்தது. டரட்டைத் திருப்ப, டூலை முன்னே தள்ள, ராடை இழுத்துவிட ஒரு ஆள் பக்கத்தில் நின்றாக வேண்டும். ஸ்பென்சர் அந்த ஆளின் கையை ஓர் உருளைக்கு மாற்றினார். உருளையின் மேல் பட்டைகளை ஸ்குரூ போட்டு முடுக்கினார். உருளை மெதுவாகச் சுற்றும்போது பட்டையின் சரிவு நெம்புகோலைத் தள்ளும், நெம்புகோல் டூலைத் தள்ளும். சரிவு செங்குத்தாக இருந்தால் டூல் வேகமாக ஓடிவரும். சாய்வாக இருந்தால் நிதானமாக வெட்டும். உருளை ஒரு சுற்று வந்தால் ஓர் உருப்படி முடிந்தது. இதுதான் நாம் சொல்லும் கேம்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், அந்தப் பட்டைகளைக் கழற்றி மாற்றலாம். இன்றைக்கு ஒரு ஸ்குரூ, நாளைக்கு வேறு பின். மெஷின் அதேதான், பட்டைகள் மட்டும் வேறு. ஒரே சாமானுக்கென்று செய்த மெஷின், எந்தச் சாமானையும் செய்யும் மெஷினாக மாறியது இதனால்தான்.

1873இல் அந்த மெஷினுக்குக் காப்புரிமை கிடைத்தது. அங்கேதான் இடி விழுந்தது. விண்ணப்பம் எழுதிய வக்கீல் மற்றதையெல்லாம் கோரிவிட்டு, இந்த மாற்றக்கூடிய கேம் உருளையைக் கோராமல் விட்டுவிட்டார். பார்வைக்கு அது வெறும் உருளை, நாலு பட்டை. மெஷினின் மூளையே அதுதான் என்று அவருக்குப் படவில்லை. மூளைக்கு வேலி இல்லாமல் போனது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றானது. எடுத்துக்கொண்டார்கள்.

1876இல் ஹார்ட்ஃபோர்ட் மெஷின் ஸ்குரூ கம்பெனியை ஸ்பென்சர் தொடங்கினார். அது பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. ஆனால் 1882இல் அதைவிட்டு விலகி, மறுபடியும் துப்பாக்கி செய்யப் போனார். அந்தக் கம்பெனி நொடித்தது. பிறகு ஆட்டோமேடிக் லேத்துக்கே திரும்பி வந்தார். 1922 ஜனவரியில், 88ஆம் வயதில் காலமானார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கதையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஆளில்லாமல் ஓடுகிறது என்றால் அறிவில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. அறிவு முன்கூட்டியே கேமில் ஏறிவிட்டது, அவ்வளவுதான். டூல் எப்போது மழுங்கும், சிப்ஸ் எங்கே சுற்றிக்கொள்ளும் என்று யோசித்து வைக்கிற செட்டர் இல்லாவிட்டால், நாலு மெஷினும் சேர்ந்து ராத்திரி முழுக்க ஸ்கிராப் தள்ளும். சிஎன்சி வந்தபின் கேம் இருந்த இடத்தில் புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. யோசிக்கிற வேலை குறையவில்லை.

இன்னொன்று. நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் உயிர் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கையாலேயே எழுதுங்கள். வக்கீல் எழுதியதை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலும் அந்த உயிர், பார்க்க ரொம்பச் சாதாரணமான பாகத்தில்தான் இருக்கும்.

அடுத்த முறை ஏதாவது பட்டறைக்குப் போனால், டிராப் மெஷினின் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று முழுசாகச் சுற்றும்வரை நின்று பாருங்கள். ஒரு பாடம் முடிந்த மாதிரி இருக்கும்.