மேகம் மறைத்த வெள்ளி

1739 முதல் நமது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமிருந்ததை நாமறிவோம். அவர்களுடைய ஆளுநர்களின் பெயர்களைக்கூட நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் பூவத்திற்கு வடக்கே, இதே கடலோரத்தில் அமைந்த புதுச்சேரியில் தொலைநோக்கியுடன் காத்திருந்த கியோம் லெ ஜான்தி என்னும் வானியல் அறிஞரை நம்மில் பலர் அறிந்திலர்.

1725இல் பிறந்த அவர், 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்கவிருந்தது. பல நாடுகளிலிருந்து அந்த நேரத்தைத் துல்லியமாக அளந்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். அவரது கப்பல் மாஹேயை நெருங்கியபோதோ, மாஹேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த செய்திதான் கிடைத்தது. (காரைக்கால் முந்தைய ஆண்டே வீழ்ந்திருந்தது.) கப்பல் மொரீஷியஸ் நோக்கித் திரும்பியது.

குறித்த நாளில் நடுக்கடலில் அவர் வெள்ளியைக் கண்ணாரக் கண்டார், கண்டும் பயனில்லை. துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, தாம் வடக்கே எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை அறிவது மாலுமிகளுக்குக் கைவந்த கலை. கிழக்கு மேற்கை அறியவோ பிழையற்ற கடிகாரம் வேண்டும். நேரம் ஒரு நிமிடம் பிசகினால், நிலநடுக்கோட்டருகே இடம் சுமார் 28 கிலோமீட்டர் பிசகிவிடும். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் சரிவர ஓடாது. ஹாரிசனின் கடல் கடிகாரம் ஜமைக்காவிற்குச் சோதனைப் பயணம் புறப்பட்டது அதே ஆண்டு நவம்பரில்தான்!

அடுத்த கடப்பு 1769இல். அதைத் தவறவிட்டால் 1874இல். ஆகவே அவர் நாடு திரும்பவில்லை. மணிலாவில் காணவே விரும்பினார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநரின் சந்தேகம் ஒருபுறம், பாரிஸ் அறிவியல் கழகத்தின் விருப்பம் மறுபுறம். 1763 உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரருக்கு மீண்ட புதுச்சேரிக்கு 1768 மார்ச்சில் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் இடித்த கோட்டையின் இடிபாடுகள் மீதே அவரது ஆய்வுக்கூடம் எழுந்தது. சென்னை ஆங்கிலேயரே ஒரு தொலைநோக்கியை அனுப்பி உதவினர்.

காத்திருந்த காலத்தில் அவர் தமிழ்க் கணிதரிடம் கிரகணக் கணிதம் பயின்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீட்சியில் அம்முறை 41 விநாடியே பிழைத்தது. ஐரோப்பியரான மாயரின் அட்டவணை 68 விநாடி பிழைத்தது. இத்தகைய கணிதம் பஞ்சாங்கத்தோடு நின்று, மரக்கலத்தின் மேல்தளத்தை எட்டாமற் போனதே நம் தரப்பு இழப்பென்று நாம் கருதுகிறோம்.

1769 ஜூன் 4 விடியற்காலை. மே மாதக் காலைகளெல்லாம் தெளிவாயிருந்தன. அன்று மட்டும் மேகம் சூழ்ந்தது. கடப்பு முடிந்த பின்னரே கதிரவன் வெளிப்பட்டான். மணிலாவிலோ வானம் தெளிந்திருந்தது.

1771 அக்டோபரில் தாயகம் மீண்டவரை, இறந்துவிட்டாரெனக் கருதிய உறவினர் அவரது சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவரது இடமும் பிறருக்குப் போயிருந்தது. வழக்காடினார், மணமுடித்தார், கழகத்தில் மீண்டும் இடம் பெற்றார். 1779லும் 1781லும் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது பயண நூலில் தமிழரின் கிரகணக் கணிதமும் இடம்பெற்றுள்ளது. 1792இல் அவர் காலமானார்.