ஓம் கண்ட வாய்பாடு

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டத்தின் அளவு கிடைக்கும். இதனை ஒரு வரியில் எழுதிவிடலாம். நெட்டுருச் செய்வதும் எளிது. ஆயினும், இவ்வொரு வரியின் பொருட்டுத் தம் பதவியையே இழந்து நின்றார் ஒருவர். அவரே ஜியார்ஜ் சைமன் ஓம் என்பார்.

ஓம், ஜெர்மனி நாட்டில் எர்லாங்கன் நகரில் 1789-ஆம் ஆண்டு பிறந்தார். அவர் தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளர். தாமே முயன்று கணிதம் பயின்று, அதனைத் தம் மக்களுக்கும் கற்பித்தவர். பத்து வயதிலேயே தாயை இழந்த ஓம், தந்தையிடம் கணக்கோடு கைத்திறனையும் கற்றார். பல்கலைக்கழகம் புகுந்தபின் நடனத்திலும் பனிச்சறுக்கு ஆட்டத்திலும் அவர் பொழுதைக் கழிக்கவே, தந்தை சினங்கொண்டார். படிப்பு இடையில் நின்றது. இதனை மறைக்க வேண்டுவதில்லை. பின்னர் முயன்று படித்து, 1811-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1817-இல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கேதான் மின்னாராய்ச்சி தொடங்கிற்று. அக்காலத்து மின்கலங்களில் ஓட்டம் நிலைத்து நில்லாது. ஆதலின், பிசுமத்தையும் செம்பையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத ஓட்டத்தைப் பெற்றார். 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்தார். ஓட்டத்தால் விலகிய காந்த ஊசியைத் திருகிப் பழைய நிலைக்குக் கொணர வேண்டிய அளவைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார்.

கம்பியின் நீளம் இரு மடங்கானால் ஓட்டம் பாதியாகும் என்றுதானே நாம் எண்ணுவோம்? அவ்வாறு ஆகவில்லை. கம்பியின் நீளத்தோடு ஒரு மாறாத எண்ணைக் கூட்டிய பின்னரே கணக்கும் அளவும் ஒத்துவந்தன. அவ்வெண், சுற்றின் ஏனைய பகுதிகளின் தடையாகும். 12 வோல்ட் மின்கல அடுக்கின் உள்ளே 2 ஓம் தடையும், வெளிக்கம்பியில் 4 ஓம் தடையும் உள்ளன என்க. முழுத்தடை 6 ஓம். ஓட்டம் 2 ஆம்பியர். கம்பியை இரட்டித்தால் முழுத்தடை 10 ஓம் ஆகும். ஓட்டமோ 1 ஆம்பியர் அன்று, 1.2 ஆம்பியர். வகுக்கும் எண் எதனைக் குறிக்கின்றது என்று அறியாதவர் இங்கே தவறுவர்.

1827-இல் ஓம் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். பாராட்டை எதிர்பார்த்தவருக்குப் புறக்கணிப்பே கிட்டியது. இயற்கையைக் கணக்கிற்குள் அடக்கும் அம்முறை அறிஞர் பலருக்கு உவப்பாயில்லை. மனம் நொந்து, கொலோன் பதவியைத் துறந்தார். பெர்லினில் சிறு ஆசிரியப் பணிகளைச் செய்து காலங்கழித்தார். 1833-இல்தான் நூரம்பர்க்கில் நல்ல பதவி கிடைத்தது.

அவர் பெருமையை முதலில் உரக்கக் கூறியது அயல்நாடே. இலண்டன் ராயல் கழகம் 1841-இல் காப்ளி பதக்கத்தை வழங்கிற்று. இளமை முதல் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மியூனிக் நகரில் 1852-இல் வந்தபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. இரண்டே ஆண்டுகளில் காலமானார். 1881-இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டிற்று.