நியூட்டன் கற்றுத் தந்த படம்

சாய்தளக் கணக்கு என்றாலே எனக்கு நடுக்கம். ஒரு தேர்வில் பூச்சியம் வாங்கியபின், ஆசிரியர் நியூட்டனின் வரலாற்றைப் படிக்கச் சொன்னார்.

1642-இல் இங்கிலாந்தின் வூல்ஸ்தோர்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார் நியூட்டன். அவர் பிறக்கும் முன்பே தந்தை காலமானார். தாய் பள்ளியை நிறுத்திப் பண்ணையைப் பார்க்கச் சொன்னார். அதில் அவர் மனம் செல்லவில்லை. மீண்டும் பள்ளி சென்று, 1661-இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். 1687-இல், நண்பர் ஹாலியின் பொருளுதவியால் 'பிரின்சிபியா' அச்சேறியது. அதில் இயக்க விதிகள் மூன்றையும் கூறி, உடனே ஓர் இணைகரம் வரைந்தார்: இரு விசைகள் சேர்ந்து தாக்கும் பொருள் அதன் மூலைவிட்டத்தின் வழியே செல்லும். 1727-இல் மறைந்தார்.

அதைப் படித்தபின் பொருளை மட்டும் தனியே வரைந்தேன். கீழ்நோக்கி எடை, தளத்திற்குச் செங்குத்தாக எதிர்விசை, சறுக்கலைத் தடுக்கும் உராய்வு, மூன்றே அம்புகள். முன்பு 'சறுக்கு விசை' என்று நான்காவதும் வரைந்திருந்தேன். அது எடையின் ஒரு கூறுதான். 30° சாய்வில் எடையில் சரிபாதி. என் பிழை விளங்கிற்று.

நண்பர்களே, சூத்திரத்தைத் தேடுமுன் படத்தை வரையுங்கள்!