கல் பொறுக்கிய துரை

ஏற்காட்டைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ஏரி, படகு, லேடீஸ் சீட், காப்பித் தோட்டம் எல்லாம் எழுதி எழுதி அலுத்துப் போனவை. அதனால் ராபர்ட் புரூஸ் ஃபூட் பற்றி எழுதுகிறேன். நிலவியல் படித்த எங்களுக்கு அவர் பாடத்தில் வந்த பெயர். மற்ற துறைக்காரர்களும் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் பக்கமாக எத்தனையோ முறை நடந்திருப்பீர்கள். அவர் அஸ்தி அங்கேதான் அடக்கமாகியிருக்கிறது.

1834-இல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் பிறந்தவர். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவதுதான் உத்தியோகம். வில்லியம் கிங் என்பவரோடு சேர்ந்து நம் சேலம், திருச்சி வட்டாரப் பாறைகளைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1864-இல் வந்தது. அது மட்டும் செய்திருந்தால் எங்களைப் போன்ற நாலு பேர் தவிர யாரும் அவரை நினைத்திருக்க மாட்டோம்.

1863 மே 30. கத்திரி வெயில். பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். மனிதன் வேலை செய்து வடித்த கல் அது, கைக்கோடரி. பிரான்சில் கிடைத்த இப்படிப்பட்ட கற்களை மிகப் பழங்கால மனிதனின் கருவிகள் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டே அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியாவிலும் அப்படி ஒரு காலம் இருந்ததென்று பல்லாவரத்துக் கல் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள்.

அதற்கப்புறம் மனுஷன் விடவில்லை. பெல்லாரி, கர்நூல், நெல்லைச் சீமையின் தேரிக்காடு என்று போன இடமெல்லாம் கல்லும் ஓடும் சேர்த்தார். சேர்வராயன் மலையையும் விடவில்லை. இங்கே வழுவழுவென்று மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள் கிடைக்கும். மலையாளி மக்கள் அவற்றைச் சிறு கோயில்களில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஒரு வகையில் அதுவும் மியூசியம்தான் என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் தமிழறிந்தவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டியவர். அவரும் ஏற்காட்டில்தான் காலமானார். மாமனார் பழமொழி பொறுக்க, மருமகன் கல் பொறுக்கினார்!

1891-இல் ஓய்வு பெற்றார். பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு ஏற்காட்டிலேயே தங்கினார். 1904-இல் அவருடைய சேகரிப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கியது. எனக்கு இதுதான் அவர் கதையில் முக்கியமான இடம். தனி மனிதர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் கல், அவர் காலத்துக்குப் பிறகு தோட்டத்து வேலிக்குக் கூடப் போகலாம். எந்த ஊரில் எடுத்தது என்ற விவரம் தொலைந்தால் கோடரியும் வெறும் கல்தான். ஃபூட் வயதான காலத்தில் உட்கார்ந்து, எது எந்த இடத்தில் கிடைத்தது என்று ஒவ்வொன்றாக எழுதினார். அந்தப் பட்டியல் 1914-லும், அதன் குறிப்புகள் 1916-லும் அச்சாயின. அவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்துவிட்டார். அஸ்தி மலையேறி வந்தது.

அவர் கம்பெனிக் காலம் முடிந்த கையோடு வந்த வெள்ளைக்கார அதிகாரி என்பதை மறந்து புகழ்பாட எனக்கு விருப்பமில்லை. பள்ளம் தோண்டியவர்கள், கூடை சுமந்தவர்கள், வழி காட்டியவர்கள் பெயரெல்லாம் நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் அந்தக் கற்கள் கடல் தாண்டாமல் எழும்பூரில் நின்றது நம் அதிர்ஷ்டம்.

கற்களுக்கு எத்தனை வயது என்று ஃபூட்டுக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லும் கருவிகள் அன்று இல்லை. சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அவர் அடியொற்றி அத்திரம்பாக்கத்துக்குப் போய் மறுபடியும் அகழ்ந்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் அறிவித்தார்கள். அதே இடத்தில் அடுத்த கட்டத் தொழில்நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-இல் சொன்னார்கள். ஒருவர் சேர்த்து வைத்ததில் இன்னொருவர் நூற்றைம்பது வருஷம் கழித்துப் புதுக் கேள்வி கேட்கிறார். கல்லூரியில் நாம் படித்தது இதைத்தானே?

அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். 1851-இல் மியூசியம் தொடங்கியதே புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் உள்ளே போய்ப் பார்த்து ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்த இடத்துக்குக் காலேஜ் என்ற பேர் பொருத்தமாகவே எனக்குப் படுகிறது.

தம்பி தங்கைகளே, சென்னை போனால் வரலாற்றுக்கு முந்தைய காலப் பகுதியைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று பார்த்துக் கிளம்புங்கள்.