வீரமாமுனிவர் எடுப்பித்த இரு கோயில்கள்

தமிழ் பயிலும் மாணவருள் வீரமாமுனிவர் பெயரை அறியாதார் இலர். தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார், தொன்னூல் விளக்கம் இயற்றினார், எழுத்திற் சீர்திருத்தம் செய்தார் என்று வரிசையாக ஒப்புவிக்க நம்மிற் பலருக்கு வரும். ஆயின் அந்நூல்கள் எவ்வூரில், எவரிடையே, எவ்வகைத் தேவையினின்று எழுந்தன என்று வினவின் விடை கூறுவோர் சிலரே. மறுபுறம், ஏலாக்குறிச்சிக்கும் கோணான்குப்பத்துக்கும் ஆண்டுதோறும் நேர்த்திக்கடன் செலுத்தச் செல்லும் பல்லாயிரவருள் தேம்பாவணியைத் திறந்து பார்த்தோரும் சிலரே. நூலை அறிந்தோர் ஊரை அறியார். ஊரை அறிந்தோர் நூலை அறியார். இவ்விரண்டையும் ஓரிடத்து வைத்து நோக்கினாலன்றி அப்பெரியாரின் வாழ்க்கை விளங்காது என்பது எமது துணிபு.

கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி என்பது அவரது இயற்பெயர். இத்தாலி தேசத்து மாந்துவா நாட்டைச் சார்ந்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் பிறந்தார். மாணவர்க்குப் பாதுகாவலராகப் போற்றப்படும் ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. 1698-ல் இயேசு சபையிற் சேர்ந்து, இலக்கணமும் தத்துவமும் வேதசாஸ்திரமும் கற்று, 1709-ல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு இறுதியிற் கோவையை அடுத்த துறையென்று எண்ணற்க, போர்த்துக்கேயர் வசமிருந்த கோவா துறைமுகத்தில் வந்திறங்கினார். 1711-ல் மதுரை மிஷனை அடைந்தபோது அவருக்கு வயது முப்பது. தமிழில் ஓரெழுத்தேனும் எழுதக் கற்றது அதன் பின்னரே.

முதற்கண் தைரியநாதர் என்று பெயர் பூண்டார். கொன்ஸ்தான்சோ என்பதன் பொருளை ஒட்டியது அது. வீரமாமுனிவர் என்பது பின்னர் வழங்கியது. தென்கோடியிற் காமநாயக்கன்பட்டி முதலிய இடங்களிற் பணிபுரிந்த தொடக்க ஆண்டுகள் இன்பமாகக் கழியவில்லை. 1714-15-ஆம் ஆண்டளவிற் சிறைப்பிடிக்கப்பட்டு, மரண தண்டனைக்கும் உள்ளாகி, மயிரிழையில் உயிர் தப்பினார். இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1693-ல், அருளானந்தர் ஓரியூரில் தலை துணிக்கப்பட்டிருந்தார். ஆதலின் இந்நாட்டிற் குருவாக வருவோர் எதனை எதிர்நோக்கி வரவேண்டுமென்பது அவருக்கு மறைபொருள் அன்று.

இனி ஏலாக்குறிச்சிக்கு வருவோம். அரியலூர் மாவட்டத்தில், திருமானூருக்கு அண்மையில், கொள்ளிடத்திற்கு வடபால் உள்ளது அவ்வூர். இன்று பேருந்தில் ஆற்றைக் கடப்போர்க்குக் கொள்ளிடம் நீண்டதொரு மணற்பரப்பு, அவ்வளவே. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அது வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லையாக இருந்தது. தென்கரைக்கு அப்பால் தஞ்சை மராத்திய மன்னரது ஆட்சி. வடபால் அரியலூர் மழவராயரது பாளையம். 1701-ல் தஞ்சை நாட்டிற் கிறிஸ்தவர்மீது பெருங்கலாபனை எழுந்தது. கோயில்கள் இடிக்கப்பட்டன; வீடு வாசல் இழந்தோர் பலர்; ஊரை விட்டு ஓடினோர் பலர். அவ்வாறு ஓடியவர்க்கு ஆற்றின் மறுகரை புகலிடமாயிற்று. இடம்பெயர்ந்த அம்மக்களின் நடுவேதான் முனிவர் தமது கோயிலை எழுப்பினார். அக்கோயிலில் எழுந்தருளிய அன்னைக்கு அடைக்கல மாதா என்றும், ஊருக்குத் திருக்காவலூர் என்றும் பெயரிட்டார். அடைக்கலமும் காவலும் புலவர் புனைந்த அணிச்சொற்கள் அல்ல. அங்கே குடியேறியவர் உயிரோடிருந்ததற்குக் காரணங்கள்.

மழவராயர் ஒருவர் இராசபிளவையால் வருந்தினாரென்றும், அரண்மனை வைத்தியர் கைவிட்ட பின்னர் முனிவர் மாதாவை வேண்டிப் பச்சிலையும் சேறும் இட்டுக் குணப்படுத்தினாரென்றும், அதற்கு நன்றியாகப் பாளையக்காரர் கோயிலுக்கு நிலம் வழங்கினாரென்றும் ஊரார் வழிவழியாகக் கூறுவர். அவ்வரலாற்றின் ஒவ்வொரு கூற்றையும் நிறுவுதல் அரிது. ஆயினும், வலிமை மிக்க அண்டை அரசர் துரத்திய குடிகளைத் தம் எல்லைக்குள் இருத்திக்கொண்ட சிற்றரசரது செயல், பிளவை ஆறிய அற்புதத்திற்குக் குறைந்ததன்று என்பது எம் கருத்து. அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதையும் நினைவிற் கொள்க.

இக்கோயிலின் பொருட்டே திருக்காவலூர்க் கலம்பகமும், அடைக்கல நாயகி வெண்கலிப்பாவும், துயருற்ற அன்னையைப் பற்றிய அன்னை அழுங்கல் அந்தாதியும் பாடப்பெற்றன. சைவ வைணவத் தலங்களுக்குப் புலவர் கலம்பகமும் அந்தாதியும் பாடுவது நெடுங்கால வழக்கு. நேற்று வரை பெயரறியாத ஒரு சிற்றூரை அவ்வரிசையில் ஏற்றி, பாடல் பெற்ற தலமாக்கிவிட்டார் முனிவர். கற்றோர்க்குக் கலம்பகம் தந்தவர் கல்லாத பெண்டிரை மறந்தாரல்லர். அம்மானை ஆடும் மகளிர் வாயில் எளிதாகப் பயிலுமாறு கித்தேரியம்மாள் அம்மானையைச் செய்தார். கன்னியும் வேதசாட்சியுமான ஒருத்தியின் கதை அது. உயிருக்கஞ்சி ஆறு கடந்து வந்த குடும்பங்களின் பெண்டிர் அதனை எவ்வுணர்ச்சியோடு பாடியிருப்பர் என்பதை நாமே உய்த்துணரலாம்.

கோணான்குப்பம் மற்றொரு வகை. விருத்தாசலத்துக்கு அண்மையில், இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளது. காட்டு வழியே நடந்த முனிவர் தம்மோடு கொணர்ந்த மாதா சுரூபத்தை அங்கே இழந்தாரென்றும், முகாசாபரூர்க் கச்சிராயர் அதனைக் கண்டெடுத்துக் கோயில் எழுப்ப உதவினாரென்றும் தலவரலாறு கூறும். பின்னர் முனிவர் மாதாவுக்குத் தமிழ்ப்பெண்ணின் ஆடையணிகளை அமைத்துப் படம் வரைந்து, மணிலா நகருக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்பதும் வழிவழிச் செய்தியே. சேலையுடுத்த மாதாவாக அங்கே வணங்கப்பெறும் அன்னையின் பெயர் பெரியநாயகி. விருத்தாசலமாகிய முதுகுன்றத்துச் சிவாலயத்தில் அம்மையின் பெயரும் பெரியநாயகியே. இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்ததென்று எமக்குத் தோன்றவில்லை. அப்பக்கத்து மக்கள் நாவிற் பழகி இனித்த சொல்லையே முனிவர் எடுத்து ஆண்டார். இத்தாலியக் குரு ஒருவர் மேனாட்டுப் பெயரை அம்மக்கள்மேற் சுமத்தாது விட்டது அவரது நுண்ணறிவுக்குச் சான்று.

தேம்பாவணி கோணான்குப்பத்தில் இயற்றப்பெற்றதென்பது அவ்வூரார் நம்பிக்கை. 1726-ல் நிறைவெய்திய அக்காப்பியம் மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3,615 பாடலும் உடையது. காப்பியத் தலைவர் சூசையப்பர். தமிழில் வளன் என்று அவருக்குப் பெயர் சூட்டினார். தன்னேரில்லாத் தலைவனைக் கொள்வது காப்பிய மரபு. இவரோ கைவினைத் தச்சர் ஒருவரைக் கொண்டார். இதனைப் பலர் கவனிப்பதில்லை. அந்நூலின் நாட்டுப் படலத்தை வாசிப்போர் யூதேயா நாட்டைக் காண்பதினும் மிகுதியாகத் தமிழ்நாட்டையே காண்பர். மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் நிறைந்து, நெல் முற்றும் வளம் அங்கே பேசப்படுகிறது. கம்பரையும் திருத்தக்க தேவரையும் ஆழ்ந்து கற்றதன் பயன் அது என்பர் புலவர். அதனை மறுப்பதற்கில்லை. எனினும் கொள்ளிடக் கரையிற் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்க்கு ஆற்றுப் பெருக்கை ஏட்டில் மட்டும் தேட வேண்டிய தேவை இருந்திராது. அந்நூல் அச்சேறியது 1851 முதல் 1853 வரை, புதுச்சேரியில். நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் அது ஏட்டுச் சுவடியிலேயே வாழ்ந்தது.

அவரது உரைநடையும் இவ்வூர்களின் தேவையிற் பிறந்ததே. குருமார் சிலர், ஊர்களோ பல. ஆண்டிற் சில நாட்களே ஓர் ஊரில் குரு தங்கக்கூடும். எஞ்சிய நாட்களில் மக்களுக்குக் கற்பிப்பவரும், நோயாளியைப் பார்ப்பவரும், இறந்தாரை அடக்குபவரும் உபதேசியாரே. அவர்களுக்காக 1727-ல் வேதியர் ஒழுக்கம் எழுதப்பெற்றது. செய்யுளே கோலோச்சிய காலத்தில் தெளிந்த தமிழ் வசனத்திற்கு அது ஒரு நல்ல முன்மாதிரி. 1732-ல் முடிந்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாய், அகரவரிசையிற் சொற்களை அடுக்கித் தந்தது. நிகண்டுகளை மனப்பாடம் செய்தோரே சொற்பொருள் அறியலாம் என்னும் நிலை அதனால் நெகிழ்ந்தது. மாணவர்க்கு இதனினும் பெரிய உபகாரம் வேறு யாது?

எழுத்துச் சீர்திருத்தமும் அத்தகையதே. ஓலையிற் புள்ளி குத்தினால் ஏடு கிழியும். ஆதலின் புள்ளியை விடுத்தெழுதினர். அதனால் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றுபோலத் தோன்றி, படிப்போர் இடர்ப்பட்டனர். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அவ்விடரை நீக்கினார். இன்று ஏடு என்றும் கோயில் என்றும் நாம் தடையின்றி எழுதுந்தோறும் அவர் கைவண்ணம் அதிலிருக்கிறது. தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்திலக்கணமும் கூறுவது.

தரங்கம்பாடி லுத்தரன் மிஷனாரொடு அவர் நடத்திய வாதங்கள் கடுமையானவை. அவற்றின் நடை இக்காலத்துச் செவிக்கு இனியதன்று. ஆயினும் இலத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சிட்டு வெளியிட்டது அத்தரங்கம்பாடி அச்சுக்கூடமே. எதிரியின் நூலாயினும் நல்ல இலக்கணம் நல்ல இலக்கணமே என்று கொண்ட அவர்களது பெருந்தன்மையும் போற்றத்தக்கது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரோடு ஆறு கடக்க அஞ்சிய பரமார்த்த குருவை நாம் அறிவோம். வாதநூல்களில் வாளேந்திய அதே கை அச்சிரிப்பையும் விளைத்தது.

முனிவரைப் பற்றிய கதைகளுட் பல, புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை 1822-ல் எழுதிய சரித்திர வாயிலாகப் பரவின. காவியங்கி, புலித்தோல் ஆசனம், முத்துக் குண்டலம், பல்லக்கு, முன்னும் பின்னும் குடையும் பரிவாரமும், திருச்சிராப்பள்ளி சந்தா சாகிப்பிடம் திவான் உத்தியோகம் என்றெல்லாம் அவை விரியும். 1736-ல் சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிய பின்னர் முனிவர் அவரைக் கண்டு மிஷனுக்கு ஆதரவு தேடினார் என்பது நம்பத்தக்கதே. திவான் பதவியை மட்டும் ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. பல்லக்கிற் செல்லும் திவானாக அவரைக் காண்பது கண்ணுக்கு விருந்தாகலாம். அகதிகளின் நடுவே அகராதி தொகுத்தவரை அது மறைத்துவிடுகிறது.

1740-ஐ ஒட்டி மராத்தியர் படையெடுப்பு நாட்டை அலைக்கழித்தது. 1741-ல் திருச்சிராப்பள்ளி அவர்கள் வசமாயிற்று. சந்தா சாகிப் சிறைப்பட்டார். அடைக்கலம் தந்தவர் தாமே அடைக்கலம் தேட வேண்டியவரானார். முனிவர் தெற்கே கடற்கரையூர்களுக்குச் சென்றார். மணப்பாட்டில் 1742-ல் இறந்தார் என்று பழைய சரித்திரம் கூறியதைப் பலரும் நெடுங்காலம் நம்பினர். சபையின் ஏடுகளை ஆராய்ந்தோர் அதனைத் திருத்தியுள்ளனர். மலையாள நாட்டு அம்பலக்காட்டில் 1747-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 4-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அருளானந்தர் ஓரியூரில் மாண்டதும் பெப்ருவரி 4-ஆம் நாளே.

சென்னைக் கடற்கரையில் 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி அவருக்குச் சிலை எடுத்தனர். அவர் எடுப்பித்த கோயில்களைப் பிற்காலத்தார் புதுக்கியும் விரித்தும் இருக்கின்றனர். ஆதலின் செல்வோர் காணும் சுவரெல்லாம் அவர் காலத்தன எனக் கொள்ளலாகாது. அவர் இட்ட பெயர்கள் மட்டும் இரண்டூரிலும் மாறவில்லை. அம்பலக்காட்டுக்கும் தமிழ் வரலாற்றில் ஓரிடம் உண்டு. அந்தாம் தெ ப்ரொயென்சா என்னும் குரு தொகுத்த தமிழ்-போர்த்துக்கேய அகராதி 1679-ல் அச்சேறியது அவ்வூரிலேயே. அது வெளிவந்த மறு ஆண்டிற் பிறந்தவர் சதுரகராதி ஆசிரியர்.